மைனஸ் ஒன்று ஆம்பியர்

ஆறாம் நம்பர் லைனுக்கு மேலே
பலாவை முட்டிச் சாய்த்திருக்கிறது யானை.
பழத்துக்காகத்தான். கம்பி குறுக்கே வந்தது.
சேரம்பாடி முழுக்க இருட்டு.

விடிந்தால் ஊட்டியில் எனக்கு
சுற்றுக் கோட்பாடு, மூன்றாம் முறை.
கரண்ட் இல்லாத வீட்டில் உட்கார்ந்து
கரண்ட்டைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன்.
போனில் சார்ஜ் ஒன்பது சதவீதம்.
கொழுந்து எடை போட்ட சீட்டின் பின்பக்கம்
ஒட்டினாற்போல் இரண்டு கண்ணி வரைகிறேன்.

லூப்புக்குத் தமிழில் கண்ணி என்கிறது புத்தகம்.
எங்கள் பக்கம் கண்ணி என்றால் வேறு:
பன்றிக்கு வைப்பார்கள்,
சிறுத்தை வந்து மாட்டும்.
போன முறை நான் மாட்டினேன்,
பதினெட்டு மார்க்கோடு.

இடப்பக்கம் பதினான்கு வோல்ட் பேட்டரி,
வலப்பக்கம் ஆறு வோல்ட்.
ஆளுக்கு இரண்டு ஓம்.
நடுவில் பொதுவாக ஒரு நான்கு ஓம்,
இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் மாதிரி.
லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும்.
ரோசம்மா அக்காவின் இருமல்
எங்கள் கணக்கிலும் வரும்.

ஒன்றும் தெரியாதபோது அம்பு போடு.
எந்தப் பக்கம் என்று யோசிக்காதே, போடு.
பெரியதிலிருந்து ஒன்று, சிறியதிலிருந்து ஒன்று,
இரண்டும் மேலே சந்தியில் கூடி
நடுவே இறங்கட்டும்.
சந்தியில் எதுவும் தங்காது,
வந்தது அத்தனையும் போயாக வேண்டும்.
கடைசி பஸ் போனபிறகு
பஜாரில் நின்று பார்த்தால் தெரியும்.

அடுத்த விதி:
ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால்
ஏறினதும் இறங்கினதும் சரிக்குச் சரி.
மேட்டுக்காட்டுக்கு ஏறிக் கொழுந்தோடு இறங்குகிறவளுக்கு
இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.
முழங்கால் மட்டும்
ஒப்புக்கொள்ளாது.

மூன்று மடங்கு ஐ-ஒன்றும் இரண்டு மடங்கு ஐ-இரண்டும்
ஏழு.
இரண்டு மடங்கு ஐ-ஒன்றும் மூன்று மடங்கு ஐ-இரண்டும்
மூன்று.
பெருக்கி, கழித்து,
ஐ-ஒன்று மூன்று ஆம்பியர் என்று வந்தது.
ஐ-இரண்டு
மைனஸ் ஒன்று.

இரண்டு தடவையும் இங்கேதான்
தப்பு என்று குறுக்கே கோடு அடித்தேன்,
முதலிலிருந்து ஆரம்பித்தேன்,
மணி அடித்துவிட்டது.
இன்றைக்கு அடிக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.
அளவு சரி. நான் போட்ட அம்புதான் தலைகீழ்.
ஆறு வோல்ட்காரன் கொடுக்கிறான் என்று நினைத்திருந்தேன்.
அவன் வாங்கிக்கொண்டிருந்தான்.

"வந்துருச்சா?" என்றாள் அம்மா இருட்டிலிருந்து.
கணக்கைக் கேட்டாளோ
கரண்ட்டைக் கேட்டாளோ.

நோட்டுக்குள் அவள் அட்டையின் நகல்,
ஃபீஸ் சலுகைக்கு எடுத்தது.
*தாயகம் திரும்பியோர்.*
பதுளையிலிருந்து ரயில், தலைமன்னார், கப்பல்,
ராமேஸ்வரம், மண்டபத்தில் முகாம்,
அப்புறம் இந்தக் குளிர்.
அம்பு போட்டது இரண்டு அரசாங்கம்.
ஒன்பது வயதுப் பிள்ளை
பார்த்தே இராத ஊருக்கு
எப்படித் திரும்பும்?
தேதி சரி. முத்திரை சரி. தூரம்கூடச் சரியாக இருக்கும்.
முன்னால் ஒரு சின்னக் கோடு விட்டுப்போயிருக்கிறது,
அவ்வளவுதான்.

பேனா முனை அந்த இடத்துக்கு மேலே நின்றது.
காலையில் ஆபீஸில் கொடுக்க வேண்டிய தாள்.
"அம்மா, நீ இங்க வந்தியா, அங்கருந்து போனியா?"
"நாலு நாப்பதுக்கு பஸ்சு. படுடி."

நடுவில் ஓடுவது இரண்டு ஆம்பியர்.
சரிபார்ப்பதற்குள் போன் அணைந்தது.
கண்ணைத் திறந்துகொண்டே மனசுக்குள் கூட்டினேன்:
இரண்டு ஓமில் மூன்று, ஆறு.
நான்கு ஓமில் இரண்டு, எட்டு.
ஆறும் எட்டும்
பதினான்கு.

மேலே இன்னும்
பலாப்பழம் உடைபடும் சத்தம்.